இருபத்து மூன்றரை டிகிரி

இரண்டு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் வேலைக்குப் போயிருந்தேன். உடம்பு அடித்துப் போட்டாற்போல இருந்தது. பூகோள உருண்டையைத் தாங்கியில் பூட்டுவது என் வேலை. பதினெட்டு வருஷமாக இதேதான். ஒரு நாளைக்கு அறுபது உலகம் என் கையைத் தாண்டிப் போகும். ஒன்றுகூட என் கஷ்டத்தைக் கேட்டதில்லை.

மேஜையில் திரும்பி வந்த பெட்டிகள் கிடந்தன. கூடவே ஒரு டீச்சரின் கடிதம். வகுப்பின் நடுவில் பல்பை எரியவிட்டு, பிள்ளைகள் உருண்டையை ஏந்தி அதைச் சுற்றி வந்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் வெளிச்சம் சரிசமமாகவே விழுந்ததாம். உங்கள் உலகத்தில் கோடையும் இல்லை, குளிரும் இல்லை என்று எழுதியிருந்தார்.

சூப்பர்வைசருக்குப் புரியவில்லை. சூரியனுக்குக் கிட்டே போனால் கோடை, தள்ளிப் போனால் குளிர், இதில் தாங்கிக்கு என்ன வேலை என்றார். உலகம் விற்கிற கம்பெனியில் இப்படி ஒரு மேதை. அப்படியென்றால் பூமி முழுக்க ஒரே சமயத்தில் வெயில் கொளுத்த வேண்டாமா? எல்லாம் சாய்வுதான். உருண்டை ஒரே பக்கமாகச் சாய்ந்தபடியே சுற்றுகிறது. பாதி வருஷம் மேல்பாதி வெளிச்சத்துக்கு முகம் கொடுக்கிறது, மீதி வருஷம் கீழ்பாதி. நிமிர்ந்து நின்றால் பருவம் மாறவே மாறாது. இதை அவர் மண்டையில் ஏற்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

பெட்டியைத் திறந்தேன். எல்லாம் நெட்டுக்குத்தாக நின்றன. நான் லீவில் இருந்த முதல் வாரத்துச் சரக்கு. அந்த வாரம் என் இடத்தில் உட்கார்ந்தவள் புதிதாகச் சேர்ந்த பெண். நேராக நின்றால் பார்க்க லட்சணமாகத்தானே இருக்கிறது என்று நினைத்தாளாம். சூப்பர்வைசர் அங்கேயே கணக்கை முடித்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தப்பு அவளுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். தாங்கியின் கம்பியை வளைப்பவர் என் அத்தான், அக்காவின் கணவர். ஒரு வருஷமாக அவர் கண்ணில் புரை. மெஷினில் சாய்வுக்குப் போட்ட கோடு தெரியாமல் கைப்பழக்கத்தில் வளைக்கிறார்; வளைவு போதாமல் கம்பி நேராகவே வருகிறது. ஆபரேஷனுக்கு லீவு கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்று அக்காவுக்குப் பயம். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அனுப்பும் ஒவ்வொரு கம்பியையும் முட்டியில் வைத்து அழுத்தி, இருபத்து மூன்றரை டிகிரிக்கு வெட்டிய மரத்துண்டோடு ஒட்டிப் பார்த்துப் பூட்டுவேன். அத்தானுக்கே தெரியாது. இத்தனை வருஷத்தில் தன் கம்பிமேல் ஒரு புகார் உண்டா என்று சாப்பாட்டு நேரத்தில் பெருமையடிப்பார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவேன்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்தபடி பையை எடுத்தாள். நான் பேசாமல் இருந்தால் எல்லாம் பழையபடி ஓடும். ஆனால் தினம் அறுபது தடவை ஒரு பொய்யை வளைத்து வளைத்து எனக்கு அலுத்துப் போயிற்று.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல சார். கம்பியே நேராத்தான் வருது. ஒரு வருஷமா நான்தான் வளைச்சுப் பூட்டுறேன்," என்றேன்.

அத்தான் மெஷினை நிறுத்தினார். கோடு எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டுங்கள் என்றார் சூப்பர்வைசர். அத்தான் மூக்கு இரும்பில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, ஒரு விரற்கடை தள்ளித் தொட்டார். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணை மறுபடி வேலைக்குப் போகச் சொன்னார்கள். அத்தானை டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிட்டு வரச் சொன்னார்கள். திரும்பி வந்தால் வேலை இருக்குமா என்று கேட்டேன். சூப்பர்வைசர் அடுத்த பெட்டியைத் திறக்கப் போய்விட்டார்.

கேட் வரை அத்தானோடு போனேன். அக்கா முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? அத்தான் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து தைல சீசாவை எடுத்தார். என் முட்டிவலிக்கென்று மாதாமாதம் அவர்தான் வாங்கித் தருவார்.

"என்னாலதான் வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார்.

 அவர் சீசாவை நீட்டினார், என் கைக்கு நாலு விரற்கடை தள்ளி. நான் கையை அங்கே நகர்த்தி வாங்கிக்கொண்டேன்.