உள்ளே இருப்பது மேடம்தானா?

ஏற்காட்டில் என் கடைக்கு மேல்மாடியில் மலை நில ஆவண மையம் என்றொரு அரசு அலுவலகம் வாடகைக்கு இருக்கிறது. கீழே நான் சுற்றுலா வருகிறவர்களுக்குக் குல்லாவும் குடையும் விற்கிறேன். பெயர் ரஹமத்துல்லா. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். எண்பத்தேழாம் வருடம் ஒரு காட்டெருமை கடைக்கு வந்து காதுக்குல்லா வாங்கிப் போனதை நம்பாதவர்கள், இதையும் நம்ப வேண்டியதில்லை.

போன வருடம் அந்த அலுவலகத்தில் திருடன் புகுந்தான். கதவு வழியாக அல்ல, ஒரு மின்னஞ்சல் வழியாக. கரண்ட் பில் என்று நினைத்து யாரோ அதைத் திறக்கப்போக, கொட்டச்சேட்டிலிருந்து குப்பனூர் வரை அத்தனை மலைக் குடும்பங்களின் பட்டாவும் சாதிச் சான்றும் கம்ப்யூட்டருக்குள் பூட்டிக்கொண்டன. திரும்பக் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர்தான் சௌமியா மேடம். எட்டு மாதம் ஊர் ஊராக நடந்து, பரணில் கிடந்த பழைய காகிதங்களையெல்லாம் வாங்கி, ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றினார். நாகலூரில் மட்டும் மூன்று முறை அட்டை கடித்திருக்கிறது. அட்டைக்கே ரத்தசோகை வந்துவிட்டதாகக் கேள்வி.

அந்த எட்டு மாத உழைப்பும் ஒரே இயந்திரத்தில் இருந்தது. அதன் பிரதி திங்கட்கிழமைதான் சேலம் போகவிருந்தது. அதுவரை யாரும் நெருங்கக் கூடாதென்று ஜன்னலை அடைத்து, இயந்திரத்தைச் சுவரோடு போல்ட் போட்டு, இரும்புக் கதவும் வைத்தார். உள்ளே போகவும் வெளியே வரவும் மேடத்தின் விரல் வேண்டும். மூன்று முறை விரல் தவறினால் கதவு அவரையே திருடன் என்று முடிவு செய்துவிடும். பிறகு வெளியிலிருந்து உதவியாளர் பிரகாஷ் தன் ரகசிய எண்ணை அடித்தால்தான் திறக்கும்.

பிரகாஷ் நல்ல பையன். ஒரு நாள் மேடம் அவனைச் சோதிக்க நினைத்து, குப்பனூர் ரோட்டில் விபத்து என்று அழுத குரலில் போன் செய்து அந்த எண்ணைக் கேட்டார். பதறிப்போய்ச் சொல்லிவிட்டான். மறுநாள் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து மெமோ கொடுத்தார். இப்போதெல்லாம் குரலையே மிஷின் செய்துவிடுகிறது, என் குரலாகவே இருந்தாலும் நம்பாதே என்றார். அவன் அதை எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. மழை நின்று பெய்து அலுத்துப்போய்ப் படுத்துப் பெய்துகொண்டிருந்தது. பிரகாஷ் டீ குடிக்கப் போயிருந்தான், மற்றவர்கள் கொட்டச்சேட்டு முகாமுக்குப் போயிருந்தார்கள். அறையில் ஒழுகுகிறது என்று மேடம் மாடியிலிருந்து கூப்பிட, வீட்டுக்காரன் என்ற முறையில் நனைந்த குடையோடு மேலே போனேன். உள்ளே நுழைந்தோம். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கூரையில் ஒரு விரிசல். அதிலிருந்து சொட்டு நேராக இயந்திரத்தின் தலைக்கு மேல். மேடம் பதறி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். நான் குடையை விரித்தேன்.

வாளி எடுத்து வரலாமென்று மேடம் கதவில் விரல் வைத்தார். ஈர விரல். ஏற்கவில்லை. புடவையில் துடைத்து வைத்தார், புடவையும் ஈரம். மூன்றாவது முறை வைத்ததும் கதவு ஒரு தடவை கூவிவிட்டு ஊமையாகிவிட்டது.

உள்ளே போன் கூடாதென்பது மேடம் போட்ட உத்தரவு, ஆகவே அவருடையது வெளியே இருந்தது. என்னை யாரும் சோதிக்காததால் என் பட்டன் போன் சட்டைப்பையில் இருந்தது. பிரகாஷைக் கூப்பிட்டார்.

"பிரகாஷ், நான்தான். உள்ள மாட்டிக்கிட்டேன். எண்ணைப் போட்டுத் தெறந்து உடு."

மறுமுனையில் மேஜைக் கண்ணாடியைத் தூக்குகிற சத்தம் கேட்டது.

"மேடம் மாதிரியே பேசறீங்க," என்றான் பிரகாஷ். "ஆனா மேடம் நம்பர் இது இல்லீங்களே."

பாய் நம்பர் என்றார். நம்பரைக்கூடப் போலியாகச் செய்யலாமென்று மேடம் பாடம் எடுத்திருக்கிறாரே என்றான். இந்த வாரத்து ரகசியச் சொல்லைக் கேட்டான். மேடம் அதைக் காலையில்தான் மாற்றியிருந்தார். அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. புதியதைச் சொன்னார், தப்பு என்றான். பழையதைச் சொன்னார். ஒரு முறை தப்பானால் அடுத்த பதிலை ஏற்கக் கூடாது, விதி எண் ஒன்பது என்று போனை வைத்துவிட்டான்.

கதவைத் தட்டினோம். அந்தப் பக்கம் வந்து நின்று, தட்டுகிற சத்தத்தையும் பதிவு செய்து போடலாம் என்றான். சேலம் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தால், புகாரை உங்கள் அரசு மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள் என்றார்கள்.

மணி ஒன்று ஆயிற்று. ஏசி பதினாறில் ஓடிக்கொண்டிருந்தது. என் பல்செட் என்னைக் கேட்காமலேயே பேச ஆரம்பித்தது. குடை பிடித்த கை மரத்துப்போனதால் மாற்றிப் பிடித்தேன். மாற்றிய அந்த நொடியில் விழுந்த இரண்டு சொட்டை மேடம் முந்தானையில் பிடித்தார். விரிசல் அகலமாகிக்கொண்டே வந்தது. சொட்டு நூலாயிற்று, நூல் கயிறாயிற்று. குடைக் கம்பியிலிருந்து வழிந்த தண்ணீர் தரையில் தேங்கி, கீழே கிடந்த வயர்களைத் தேடிப் போனது. மேடம் மண்டியிட்டுக் கையால் தள்ளித் தள்ளி ஒதுக்கினார்.

"எட்டு மாசம் பாய்," என்றார் தலை நிமிராமல். "நாகலூர் கிருஷ்ணம்மாள் கிட்ட மறுபடி போயி என்ன சொல்லுவேன்? அந்தம்மா ஊடு இடிஞ்சப்பவும் அந்தக் காயிதத்தைத்தான் காப்பாத்தி வெச்சிருந்துது."

குடையை இயந்திரத்தின் மேல் இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன்.

அப்போதுதான் சோற்றுக்கு வராத என்னைத் தேடி ஆயிஷா மாடியேறி வந்தாள். நாற்பத்தாறு வருடமாக என் மனைவி. பிரகாஷ் அவளிடம் நியாயம் சொல்வது கதவு வழியாகக் கேட்டது. என் போன் அடித்தது.

"ஏனுங், எங்க இருக்கறீங்க?"

"அரசாங்கத்துக்குக் குடை புடிச்சிட்டு நிக்கறேன்."

"எத்தன நேரமா?"

"ரெண்டு மணி நேரமா. அரசாங்கம் நனைஞ்சா நாப்பது ஊருக்குப் பட்டா கெடையாது."

"எறங்கி வர்றதுக்கு என்ன?"

"கதவு மேடத்தைத் திருடின்னு நெனைச்சிருச்சு."

ஆயிஷா போனை வைத்தாள். பிறகு பிரகாஷிடம் நிதானமாகச் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"தெறந்து உடு சாமி. அவருதான். இப்படிப் புளுகறதுக்கு இன்னும் எந்த மிஷினும் பொறக்கல."

வாழ்நாளில் அன்றைக்கு மட்டும்தான் சொல்லுக்குச் சொல் உண்மை பேசினேன். குடையை இறுக்கிப் பிடித்தேன்.

பிரகாஷ் அப்போதும் அவசரப்படவில்லை. வருகைப் பதிவேட்டை நீட்டினான். உள்ளே இருப்பது என் வீட்டுக்காரர், பொறுப்பு என்னுடையது என்று ஆயிஷா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நேரத்தையும் எழுதச் சொன்னான். ஒன்று முப்பத்தேழு. அதற்கப்புறம் கதவு திறந்தது.

மேடம் வெளியே வந்ததும் அவனைத் திட்டவில்லை. தார்ப்பாய், தார்ப்பாய் என்று மட்டும் சொன்னார். நாலு பேருமாகக் கட்டினோம். இயந்திரத்தில் ஒரு சொட்டு இறங்கவில்லை. சாயங்காலத்துக்குள் பிரதி எடுத்து முடித்தார். பிரகாஷ் ஓரமாக நின்று, நான் செய்தது தப்புங்களா மேடம் என்றான். மேடம் மெமோ கோப்பை எடுத்தார்.

"இல்ல கண்ணு. அதுதான் கஷ்டமா இருக்குது."

பழைய மெமோவை ரத்து செய்து எழுதிக் கொடுத்தார். நடந்ததை ஒன்று விடாமல் தலைமை அலுவலகத்துக்கும் அறிக்கையாக அனுப்பினார்: ஈர விரல், குடை, ஆயிஷாவின் கையெழுத்து, எல்லாம்.

அங்கேதான் மறுபடி மாட்டிக்கொண்டார். எந்த அதிகாரியும் இப்படியோர் அறிக்கை எழுத மாட்டார், யாரோ கணக்குக்குள் புகுந்துவிட்டார்கள் என்று சேலத்தில் முடிவு செய்து அவருடைய மின்னஞ்சலை முடக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில், பிரதியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு நேரில் போனார். உறுதி செய்துகொள்ளச் சேலத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பாதியில் வைத்துவிட்டார்கள்.

பிரதியை மட்டும் பரிசோதித்து வாங்கிக்கொண்டார்கள். பட்டாக்கள் இப்போது இரண்டு ஊரில் பத்திரமாக இருக்கின்றன. மேடம்தான் மூன்று வாரமாக, தான் சௌமியாதான் என்பதற்கு மனு மேல் மனு எழுதிக்கொண்டிருக்கிறார். கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போட முடியாததால் கிருஷ்ணம்மாளுக்குப் பட்டா நகலில் பேனாவால் போட்டுக் கொடுத்தார். அந்தம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மை காயட்டும் என்று ஊதிக்கொண்டே பஸ் ஏறியது.