வரிசை மாறிய குடுவைகள்

1

இந்தக் கதை ஒரு பட்டியலிலிருந்து பிறந்தது. என் கையெழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும் என்பதால் தங்கை என்னை எழுதச் சொன்ன பட்டியல். அவள் கலைஞர். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தனி போர்வெல். இருபத்திரண்டு வீட்டுத் தண்ணீரையும் இருபத்திரண்டு கண்ணாடிக் குடுவைகளில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, கலைக்கூடத்தில் வைத்தாள். மண்ணுக்கடியில் நடப்பதைத் துணி காட்டட்டும் என்பது அவள் எண்ணம். எந்த எண் எந்த வீடு என்று குறித்தது நான்.

2

முதல் தொடக்கம்: 'கலைக்கூடத்தின் வெள்ளைச் சுவரில் இளவெயில்...' வேண்டாம். வெயிலை வைத்து ஒப்பேற்றுகிறேன்.

இரண்டாவது: 'மூன்றாம் வாரம், பதினான்காம் குடுவையில் துணி இல்லை.' இது போதும். மற்ற துணிகள் மஞ்சளித்தும் துருவேறியும் கிடந்தன. பதினான்கில் நாலைந்து கருத்த நூல்கள் மட்டும். பார்க்க வந்தவர்கள் அதன் முன்னால்தான் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பட்டியலைப் புரட்டினேன். பதினான்கு, தையல்கார அக்கா வீடு. சொல்லிவிடலாம் என்று கிளம்பியவனைத் தங்கை நிறுத்தினாள்.

"அந்தப் பட்டியல் இனிமே உதவாதுண்ணா. வெளிச்சம் சரியா விழணும்னு குடுவையெல்லாம் இடம் மாத்தி வெச்சேன். நம்பர் முன்னபின்ன இருந்தது கண்ணை உறுத்துச்சு. எல்லாத்தையும் உரிச்சிட்டு ஒண்ணுலேர்ந்து வரிசையா புதுசா ஒட்டிட்டேன்."

(இங்கே அவளைத் திட்டி ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். என் அலமாரியில் புத்தகங்கள் உயரவாரியாக நிற்கின்றன.)

3

தங்கையின் பாத்திரம் சரியாக வரவில்லை. தண்ணீருக்காக உருகுகிறவள் இப்படிப் பேசுவாளா என்று நீங்கள் கேட்பீர்கள். பேசினாள்.

"இன்னும் பத்து நாள்தான். இப்பச் சொன்னா அதிகாரிங்க வந்து மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிடுவாங்க. தண்ணியப் பத்தி ஊரே பேசணும்னுதானே வெச்சேன்?"

"ஊரு பேசறதுக்குள்ள தெரு குடிச்சு முடிச்சிடும்."

அவள் ஒரு குடுவையில் கோணியிருந்த எண்ணை நேராக ஒட்டினாள். நானும் போய் யாரிடமும் சொல்லவில்லை. பழியை அவள் தலையில் போட்டு நிறுத்தினால் கதை கச்சிதமாக இருக்கும். ஆனால்

[அடிக்குறிப்பு; முதல் மூன்று வரைவுகளில் இது கிடையாது. என் மனைவிக்கு எட்டாம் மாதம். அன்று மாலையிலிருந்தே எங்கள் வீட்டுக்குக் கேன் தண்ணீர் வருகிறது. டாக்டர் சொன்னார் என்று அவளிடம் பொய் சொன்னேன். ஐந்து நாளாக மற்ற வீடுகள் குழாயைத் திறந்து குடிக்கின்றன. நேற்று தையல்கார அக்கா, "வாயும் வயிறுமா இருக்கறவ, வெயில்ல வாடிப்போயிட்டா" என்று எலுமிச்சைச் சாறு கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாசலுக்கு வருவதற்குள் டம்ளர் காலி.]

4

முடிவுகள்.

அ. எல்லா வீட்டிலும் மறுபடி தண்ணீர் வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன். எதற்கு என்று கேட்பார்கள். ஐந்து நாள் என்ன செய்தாய் என்றும் கேட்பார்கள்.

ஆ. பதினான்கு எங்கள் வீட்டுத் தண்ணீரேதான். வாசகருக்கு இது பிடிக்கும். நான் எழுதமாட்டேன்.

இ. கண்காட்சி முடிகிறது. யாருக்கும் எதுவும்

இதைத் தாண்டிப் பேனா நகரவில்லை.

5

பத்திரிகைக்கு அனுப்பத்தான் எழுத ஆரம்பித்தேன். மேலே 'எங்கள் தெரு' என்று இருப்பதை 'நம் தெரு' என்று வாசித்துக்கொள்ளுங்கள், திருத்தப் பொழுதில்லை. முதல் பிரதியை மனைவியிடம் கொடுத்தேன். கடைசிவரை படித்துவிட்டு, "மத்த வீட்டுக்கெல்லாம் எப்பக் குடுக்கப் போறீங்க?" என்றாள். ஒரே இரவில் இருபத்தோரு பிரதி எழுதியதில், கடைசிப் பிரதிகளில் எழுத்து கோணியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி வேன் வருவதற்கு முன்னால், இருபத்தோரு வீட்டுக் கதவிடுக்கிலும் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டு போகிறேன். உங்கள் வீடு எதுவென்று எனக்குத் தெரியும். உங்கள் குடுவை எதுவென்று தெரியாது.

நின்றுகொண்டே படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உள்ளே யாரோ குழந்தையின் தண்ணீர் பாட்டிலை நிரப்புகிறார்கள்.