இடம் வலம் மாறிய வாகை

மேலைக் கதிர் நகரத்துக் கூரைகளின்மேல் பொன்னீர் பூசிச் சாய்ந்த மாலைப்பொழுதில், தொழிற்கூடங்கள் சங்கூதித் தம் மக்களை வெளியே விட, தெருக்களெல்லாம் ஒரே திசையில் திரும்பிப் பெருகி, ஆற்றங்கரையில் நின்ற வட்டப் பேரரங்கின் பன்னிரு வாயில்களிலும் புகுந்து நிறைந்தன. நுண்ணறிவுடையீர், எள் விழ இடமில்லை என்பது உலக வழக்கு. அன்று அந்த எள்ளைக் கையில் எடுக்கவே இடமில்லை.

நடுவே கயிறு கட்டிய குத்துச்சண்டை மேடையில் இருவர் நின்றனர். ஒருவன், ஆறாண்டுகளாக வாகைப்பட்டையைப் பிறர்க்கு விட்டுக்கொடாத வீரன். குத்தின் கனம் கண்டு ஊரார் அவனைச் சம்மட்டி என்றனர். மற்றவன், பத்தொன்பது பேரை வரிசையாய் வீழ்த்திப் பட்டையைக் கேட்டு வந்த இளைஞன். கால்களின் விரைவால் மின்னல் எனப்பட்டான். சம்மட்டிக்கு அகவை முப்பத்தாறு. இன்று தோற்றால் பட்டையோடு மேடையும் போய்விடும் என்பதை அவனும் அறிவான். முதல் வரிசையில் நகம் கடித்துக்கொண்டிருந்த மனைவியும் அறிவாள்.

அவன் மூலையில் நீர்க்குடுவையோடு நின்றவன் அவளுடைய தமையன், தொழிலால் முடிதிருத்துநன். நாளெல்லாம் கண்ணாடியில் தெரியும் முகங்களை எதிரே நிற்கும் ஆட்களாகவே எண்ணிப் பழகியதனால், அவன் வாயில் இடது வலதாகும், வலது இடதாகும். கடையில் அதனால் சில கிருதாக்கள் மாண்டன. மேடையில் மட்டும் கேடில்லை. எந்தக் கையால் குத்துவதென்று அவன் கூவும்போதெல்லாம், சம்மட்டியின் செவி அதைத் தானே திருப்பிக்கொள்ளும். பத்தாண்டுப் பழக்கம் அது. ஆயினும் இம்முறை தங்கை கண்டித்திருந்தாள்.

"அண்ணே, ஊரே சிரிக்குது. இந்தத் தடவையாவது இடது வலது ஒழுங்கா சொல்லு."

அவனும் வலக்கையில் சிவப்பு நூல் கட்டி, ஒரு திங்கள் பயின்று தேறினான். தேறியதை மைத்துனனிடம் சொல்லத்தான் மறந்தான்.

மணி ஒலித்தது. "இடது" என்று பிழையின்றி முழங்கினான் தமையன். பாய்ந்ததோ சம்மட்டியின் வலக்கை. அது வெற்றுக் காற்றைக் குத்த, மின்னல் நழுவி விலாவில் இரண்டும் தாடையில் ஒன்றும் பதித்தான். சுற்றுக்குச் சுற்று இதுவே நிகழ, கண் மங்கிற்றோ, முதுமை வந்துற்றதோ எனச் சம்மட்டி உள்ளம் கலங்கினான். பதினோராம் சுற்றில் பலகை அதிர வீழ்ந்து, நடுவர் எட்டு எண்ணியபின் எழுந்தான். எஞ்சியது ஒரே சுற்று. புள்ளிகளில் அவன் வெகுவாகப் பின்தங்கியிருந்தான்.

"என்ன மாப்ளே, நான் இடதுங்கறேன், நீ வலது விடறே?"

"நீங்க இடதுன்னா வலதுதானே மச்சான்?"

"இல்ல மாப்ளே, திருத்திக்கிட்டேன். நூலப் பாரு."

சம்மட்டி நூலைப் பார்த்தான். முதுமையன்று, ஒரு முழ நூலே தன்னை வீழ்த்தியது என அறிந்ததும், வீங்கிய உதட்டோடு சிரித்தான்.

"அத அறுத்துப் போடுங்க. பழையபடி தப்பாவே சொல்லுங்க."

பல்லால் கடித்து அறுத்தான் தமையன். ஆனால் இறுதிச் சுற்று தொடங்கியதும், எது சரி, எது பிழை என்ற குழப்பத்தில் அவன் நா அசையவில்லை. மின்னல் விரட்ட, சம்மட்டி கயிற்றோடு ஒட்டினான். அரங்கம் எழுந்து நின்றது. அவ்வாரவாரத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"அண்ணே, யோசிக்காத. வாய்க்கு வந்ததச் சொல்லு."

"வலது!" என்று அலறினான் அவன்.

பதினொரு சுற்றுகளாய் அக்குரலைத் தானும் கேட்டு, சொன்னதற்கு எதிர்க்கையே வரக் கண்டு தப்பிவந்த மின்னல், நூல் அறுபட்டதைப் பார்த்து இனிச் சொன்ன கையே வரும் எனக் கருதி, வலக்கைக் குத்தைத் தடுக்கக் கை உயர்த்தினான். வந்ததோ இடக்கை. காவலற்ற தாடையில் அது இறங்க, மின்னல் மல்லாந்தான். நடுவர் பத்தும் எண்ணி முடித்தார். மனைவி அழுதாள், சிரித்தாள், முன்பின் அறியாதார் கைகளையெல்லாம் பற்றிக் குலுக்கினாள்.

சொல்லின் பொருள் அகரமுதலியில் மட்டும் இருப்பதன்று. நெடுநாள் பழகிய இருவரிடையே பிழையும் தனக்கென ஒரு பொருள் பெற்று வாழும். மறுநாள், இடப்பக்கம் சற்றுக் குறைக்கச் சொன்ன ஒருவர், அம்முடிதிருத்தகத்தில் தம் வலக் கிருதாவை இழந்தார். கண்ணாடியை நெடிது நோக்கினார். பின் சினவாது, முடிதிருத்துநன் கையைப் பற்றிக் குலுக்கிச் சென்றார்.