அசையாமல் நின்றவள்

அருங்காட்சியகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தால் வாளையும் கிரீடத்தையும் துடைக்கச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு வாய்த்தது பின்பக்கம் ஜன்னலே இல்லாத ஓர் அறை, ஒரு வெளிச்சப் பெட்டி, ஒரு ஜோடி கையுறை, அப்புறம் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய கண்ணாடி நெகட்டிவ்கள். ஊரே ஃபிலிமுக்கு மாறிய பிறகும் அந்த ஸ்டூடியோக்காரர் மட்டும் பிடிவாதமாகக் கண்ணாடித் தகட்டிலேயே படம் பிடித்துக்கொண்டிருந்தாராம். புண்ணியவான், என் முதுகை ஒடிக்கவே பிறந்திருக்கிறார்.

தகட்டின் தூசியைத் தட்டி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, தெரிவதை உறைமேல் பென்சிலால் எழுத வேண்டும். 'அடையாளம் தெரியாத ஆண், நடுவயது, உட்கார்ந்த நிலை.' 'அடையாளம் தெரியாத இரண்டு குழந்தைகள், ஒன்று அழுகிறது.' அவ்வளவுதான் வேலை. "கண்ணுக்குத் தெரியறதை மட்டும் எழுது. கதை கட்டாதே" என்பார் காப்பாட்சியர் மேடம். எனக்குத்தான் வாய் நீளம் என்று நினைத்திருந்தேன், அவரைப் பார்க்கும்வரை.

நெகட்டிவில் எல்லாம் மாறிக் கிடக்கும். கறுப்புப் பல், வெள்ளை விழி. கைக்குழந்தைக்குக்கூடத் தலை நரைத்திருக்கும். நாள் முழுக்க அதையே பார்த்துவிட்டு வெளியே வந்தால், தெரு சரியாக இருப்பதுதான் தப்பாகத் தோன்றும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை மனசுக்குள் மாற்றிப் பார்ப்பேன். மரமெல்லாம் வெளுத்து ஒளிரும், பட்டப்பகல் வானம் கறுத்து இறங்கும், தரையில் விழுந்த நிழல்கள்கூடப் பளிச்சென்று இருக்கும். நடக்கிறேனா மிதக்கிறேனா என்றே தெரியாமல் வீடு வந்து சேர்வேன். "பேயறைஞ்ச மாதிரி வர்றியேடி" என்பார் அத்தை.

அப்படி ஒரு நாளில்தான் ஒரு தகட்டில் அவள் வந்தாள். நாற்காலியின் முதுகில் ஒரு கையை ஊன்றி, நேராக என்னைப் பார்த்து நின்றாள். இளம் வயது. முகத்தைச் சுற்றி வெள்ளை முடி புகைபோலப் பரவியிருந்தது. என்னையறியாமல் எழுந்து நின்றேன்.

எனக்கு என் அம்மாவின் முகம் தெரியாது. நான் பிறந்த கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் ஒரு படம் கிடையாது. அம்மா வீட்டாருக்குப் பிடிக்காத கல்யாணம் என்பதால் அந்தப் பக்கம் பேச்சுவார்த்தையே இல்லை. அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, என்னை வளர்க்கத்தான் இந்த ஊருக்கே வந்தார், அம்மாவைப் பார்த்ததில்லை. "ரொம்ப அழகுன்னு சொல்லுவாங்க" என்பார். செத்தவர்களில் யார்தான் அழகில்லை? அப்பா பஸ் ஓட்டுகிறவர். கேட்டால் "படம் இல்லம்மா" என்பார். சரி, எப்படித்தான் இருந்தாள் என்று கேட்டால் எழுந்து போய்விடுவார். அந்த 'இல்லம்மா'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மனுஷியை முழுசாக முழுங்கிவிட்டு ஓர் ஏப்பம்கூட விடாமல் உட்கார்ந்திருக்கிறாரே என்று.

அந்த ஸ்டூடியோ இருந்தது அப்பாவும் அம்மாவும் குடியிருந்த தெருவில். எனக்கு அது போதாதா? வயது பொருந்தியது. நெற்றி என் நெற்றி மாதிரியே இருந்தது. எல்லாவற்றையும்விட, அவள் நின்ற விதம். துளி அசைவில்லை, ஓர் இமைகூடக் கலங்கவில்லை. எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும், அவள் எதிரில் உட்கார்ந்தால் போன இடம் தெரியாது. காலையில் வந்ததும் அவளைத்தான் முதலில் எடுத்து வெளிச்சத்தில் வைப்பேன். அத்தையோடு போட்ட சண்டை, பஸ்ஸில் காலை மிதித்தவன் என்று ஒன்று விடாமல் சொல்வேன். பிறகு தூக்கத்திலும் வர ஆரம்பித்தாள். கட்டிலோரம் வெள்ளைத் தலையோடு உட்கார்ந்து பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள், அறை முழுக்க அந்தப் பெட்டியின் பால் வெளிச்சம் இருக்கும். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் அது போகாது.

உறையில் 'என் அம்மா' என்று எழுதிவிட்டேன்.

மேடம் கண்ணில் பட்டுவிட்டது. "யார் சொன்னாங்க?"

"எனக்குத் தெரியுது."

"உனக்குத் தெரிஞ்சா எனக்குப் பத்தாது. அவங்களை உயிரோட பார்த்தவங்க ஒருத்தர் வந்து சொல்லட்டும், நானே எழுதிக் கையெழுத்துப் போடறேன்." போகிறவர் திரும்பி, "இல்லன்னு வந்தா தாங்குவியா?" என்றார்.

உங்க வேலையைப் பாருங்க என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு, "கூட்டிட்டு வரேன் மேடம்" என்றேன்.

அப்பாவை இழுத்துவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டு டிரிப்புக்கு நடுவே, யூனிபார்மோடு வந்தார். மேடம் அந்தத் தகட்டிலிருந்து காகிதத்தில் ஒரு படம் போட்டு வைத்திருந்தார். அதில்தான் அவளை முதன்முதலாகக் கறுத்த முடியோடு பார்த்தேன். அப்பா உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். ஆமாம் என்று சொல்லுங்கப்பா. பொய்யாகவாவது சொல்லித் தொலையுங்கள்.

"இல்லம்மா" என்றார்.

"நல்லாப் பாருங்க."

"பார்த்துட்டேன். இவ இல்ல."

"இல்ல, இல்ல, இல்ல! பொறந்ததுலேருந்து இதைத்தானே கேக்கறேன்! இவ இல்லன்னா வேற யாருப்பா? எப்படித்தான் இருந்தா? வாயைத் திறந்து சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

நான் போட்ட கத்தலில் அலமாரித் தகடுகள் அதிர்ந்திருக்கும். மேடம் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அப்பாவும் எழுந்து போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. படத்தை மறுபடி எடுத்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"காது இப்படி இல்ல" என்றார் மெதுவாக. "அவளுக்குச் சின்னக் காது. மடல் கன்னத்தோட ஒட்டினாப்ல இருக்கும்." விரல் படத்தின் மேல் நகர்ந்தது. "கழுத்து இவ்வளவு நீளம் இல்ல. புருவம் இப்படிச் சமமா இல்ல, ஒண்ணு கொஞ்சம் தூக்கி இருக்கும். எப்பப் பார்த்தாலும் எதையோ கேக்கப்போறவ மாதிரியே இருப்பா. இவளை மாதிரி சிவனேன்னு நிக்கறதெல்லாம் அவளால ஆகாது."

அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வோர் 'இல்ல'வுக்கும் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தாள். கையில் பென்சில் இருந்தது, எழுதத் தோன்றவில்லை. மூச்சு விட்டால் நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"அந்த ஸ்டூடியோவுக்குப் போனோம்" என்றார் அப்பா. "நீ வயித்துல இருந்தே. அசையாதீங்கன்னு அந்த ஆள் கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டதுதான் தாமதம், உங்கம்மாவுக்குச் சிரிப்பு. அடக்கப் பார்த்தா, முடியல. தகட்டைக் கழுவிப் பார்த்தா முகம் இருக்கற இடத்துல வெறும் கலங்கல்தான். ஆடாம நிக்கத் தெரியாதா உனக்குன்னு நடுத்தெருவுல வெச்சுக் கத்தினேன். உன்னை மாதிரிதான், எனக்கும் முன்கோபம். அப்புறம் எடுத்துக்கலாம்னு இருந்துட்டோம். படம் எங்கேன்னு நீ கேக்கறப்பல்லாம் நான் கத்தினதுதான் காதுல கேக்கும். அதை உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

"அந்தத் தகடு?"

"கண்ணாடி வீணாகக் கூடாதுன்னு மேல இருந்த படத்தைச் சுரண்டி எடுத்துட்டார். யாராவது படத்துக்கு ஃப்ரேம் போட ஆகும்னு."

அப்படியென்றால் அது இன்னும் இந்த ஊரில் எவர் வீட்டுச் சுவரிலாவது தொங்கிக்கொண்டிருக்கலாம், எவர் முகத்துக்கோ முன்னால், ஒன்றும் தெரியாத வெறும் கண்ணாடியாக. ஊரிலுள்ள எல்லா வீட்டுக்குள்ளும் நான் மெல்ல நுழைந்து நுழைந்து வெளியே வருவது போலிருந்தது. அப்பா என் தோளைத் தொட்டார்.

"எப்படி ஆடினாங்கப்பா?" என்று கேட்டேன்.

"எப்படின்னா?"

"நின்னு காட்டுங்க."

"போடி" என்றார். வெட்கப்பட்டார், என் அப்பா! கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு வெளிச்சப் பெட்டிக்குப் பக்கத்தில் போய், தொப்பையும் காக்கி யூனிபார்முமாக, நேராக நின்றார். நின்றவர் ஒரு காலுக்குச் சாய்ந்தார். மற்ற கால் பெருவிரல் கணுக்காலைச் சொறிந்தது. ஒரு கை காது மடலைப் பிடித்து இழுத்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு எதிரில் இல்லாத யாரையோ ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரு புருவம் தூக்கிக்கொண்டது. அடக்கிய சிரிப்பில் முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் உடம்பு முழுக்க.

அது அப்பா இல்லை. அந்தக் காலை, அந்தத் தோளை அவரிடம் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. என் எதிரில் ஓர் இளம்பெண், வயிற்றில் என்னை வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

"ஆடாதீங்கப்பா" என்றேன். கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது, துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். "கொஞ்ச நேரம், அப்படியே நில்லுங்களேன்."

"அவ நிக்க மாட்டாம்மா" என்றார், இன்னும் ஆடிக்கொண்டே.