வலது சீட்டின் ஹெட்செட்

என் கணவர் ராஜதுரை விமானம் கட்டிக்கொண்டிருந்தார். சொன்னால் சிரிப்பார்கள் என்று வேலை செய்யும் இடத்தில் நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் சின்ன விமானம். பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வந்து இறங்கி, உடையார்பாளையத்துக்கு வெளியே எங்கள் முந்திரித் தோப்புக் கொட்டகையில் மூன்று வருடமாக அது வளர்ந்துகொண்டிருந்தது. இறக்கை, உடம்பு, என்ஜின் எல்லாம் அவர் வேலை. ஒயர் வேலை முழுக்க என்னுடையது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் பதினேழு வருடமாக இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருக்கிறேன். எந்த ஒயர் எங்கே போகிறது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஓட்டும் லைசென்ஸ் அவருக்கு. வலது சீட்டு எனக்கு. அந்தச் சீட்டுக்காகத்தான் மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளை அந்தக் கொட்டகையில் கொட்டினேன். பதினேழு வருடமாக அண்ணாந்து பார்த்த ஆலைப் புகைபோக்கியை ஒரே ஒரு தடவை மேலேயிருந்து குனிந்து பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

கடைசியில் இன்டர்காம் மட்டும் மிச்சம் இருந்தது. என்ஜின் ஓடினால் பக்கத்தில் இருப்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. இருவரும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மைக்கில்தான் பேச வேண்டும். ரேடியோவுக்குள்ளேயே இன்டர்காம் சேர்ந்து வருவதும் உண்டு, தனிப் பெட்டியாக வாங்கி மாட்டுவதும் உண்டு.

"ரேடியோவுலயே இருக்கறப்ப இன்னொரு டப்பா எதுக்கு? இருநூறு கிராம் வெயிட்டு" என்றார். ஒவ்வொரு போல்ட்டையும் சமையல்கட்டுத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுகிற மனிதர். அவருடைய தொப்பை மட்டும் அந்த நோட்டில் வராது.

"ரேடியோ செத்துச்சுன்னா உள்ள இருக்கற இன்டர்காமும் சேந்து போயிடும். தனியா இருந்தா அதுக்குத் தனி ஃபியூஸ் போட்டுடலாம். வெளிய பேச முடியலன்னாலும் நாம ரெண்டு பேரும் பேசிக்கலாம்ங்க."

"நாம பேசிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார். கிண்டலாகக் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

இரண்டு வாரம் இதே பேச்சு. தேதி கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் இரண்டு விதத்துக்கும் ஒயரிங் வரைந்து கொடுத்தேன். அதில் ஒன்றின் மேல் டீ டம்ளரை வைத்தார்.

அப்போதுதான் அவருடைய அண்ணன் அரியமுத்து வந்தார். எறையூர் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டி, இப்போது இரண்டு லாரிக்கு முதலாளி. சக்கரம் உள்ள எதைப் பற்றியும் அவர் சொல்வதுதான் என் கணவருக்கு வேதவாக்கு. செல்போனில் தனி இன்டர்காம் பெட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஓரத்துல இது என்ன சுவிட்சு?" என்றார்.

"ஐசோலேட் மாமா. ரேடியோவுல ஏதாச்சும் முக்கியமா சொல்றப்ப பக்கத்துல இருக்கறவங்க பேச்சு குறுக்க வராம இருக்க, பைலட் அதப் போட்டுக்கலாம். அப்புறம் எடுத்துடணும்."

"அட, பொம்பள வாய அடைக்க சுவிட்சே வச்சிருக்கானா? தம்பி, மொதல்ல இத வாங்குடா."

இருவரும் சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அன்றைக்கே தனிப் பெட்டிக்கு ஆர்டர் போட்டார். இரண்டு வாரம் நான் மன்றாடிக் கேட்டது நான் கேட்டபடியே கிடைத்துவிட்டது. சோற்றில் முடி கிடப்பதைப் போல இருந்தது எனக்கு. சோற்றில் ஒரு குறையும் இல்லை, ஆனால் வாயில் வைக்க முடியவில்லை.

இருந்தாலும் மாட்டினேன். வேலையில் வஞ்சகம் செய்ய எனக்கு வராது. தனி ஃபியூஸ், இரைச்சல் புகாத ஒயர், எல்லாம் சுத்தமாக முடித்துக் கொடுத்தேன்.

சித்திரையில் தோப்பை ஒட்டிய ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. பறப்பதற்கு இன்னும் நாள் இருந்தது. அன்றைக்கு அந்த ஏரித் தரையில் ஓட்டிப் பார்ப்பது மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு நல்ல நேரம். மூன்று சக்கரத்துக்கும் மூன்று எலுமிச்சம்பழம் வைத்து, புரொப்பெல்லருக்குச் சந்தனம் பூசினார்கள். அரியமுத்து மாமா தட்டில் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு என்ஜினுக்கு நேர் கீழே போனார்.

"மாமா, பெட்ரோல் நெரப்பியிருக்கு. சூடத்தத் தள்ளி நின்னு காட்டுங்க" என்றேன்.

இரண்டு முகமும் சுருங்கின. எங்கள் பக்கத்தில் ஒரு வண்டி முதன்முதலாகக் கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, எங்கே என்று கேட்கக் கூடாது, நில், வேண்டாம் என்ற சொல்லே காதில் விழக் கூடாது. நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான், எனக்கும் தெரியும். ஆனால் பெட்ரோலுக்கு அது தெரியாது. மாமா தட்டோடு பத்தடி தள்ளிப் போனார். போகிற போக்கில் என் கணவரின் காதில் ஏதோ சொன்னார்.

ஏறி உட்கார்ந்தோம். ஹெட்செட் மாட்டினோம். என்ஜின் பிடித்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்க, வண்டி ஏரிக்குள் நகர்ந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்கு எல்லாம் மறந்துபோனது. நாங்கள் கட்டியது ஓடுகிறது.

பிறகு பெட்ரோல் வாடை வந்தது. வலது கால் சில்லென்றது. குனிந்து பார்த்தால், என் முழங்காலுக்குப் பக்கத்தில் போகும் பெட்ரோல் குழாயின் கிளாம்ப்பிலிருந்து ஒழுகி என் சுடிதார் கணுக்கால் வரை நனைந்திருந்தது.

"ஏங்க, பெட்ரோல் ஒழுகுது. நிறுத்துங்க" என்றேன்.

என் குரல் என் ஹெட்செட்டில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதனால் அவருக்கும் கேட்கிறது என்றுதான் நினைத்தேன். அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொன்னேன். வேகம் கூட்டும் த்ராட்டிலை இன்னும் கொஞ்சம் தள்ளினார். உதட்டில் ஒரு சிரிப்பு வேறு. மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் என் கண் அந்தப் பெட்டிக்குப் போனது. சுவிட்ச் ஐசோலேட்டில் இருந்தது.

பெட்ரோல் வால்வைத் திருப்பி மூடினேன். கையை நீட்டி அவர் பக்கத்துச் சாவியால் என்ஜினையும் அணைத்தேன். வண்டி குலுங்கி நின்றது.

"என்னடி பண்ண?" என்றார் ஹெட்செட்டைக் கழற்றியபடி.

நான் காலைக் காட்டினேன். அந்தக் கிளாம்ப்பை முறுக்கியவர் அவர்தான். குனிந்து பார்த்தார். அதற்குள் மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏன்டா நின்னுச்சு?"

"இவ நிறுத்திட்டாண்ணே."

"நல்ல நேரத்துலயா?" என்று தலையில் கை வைத்தார். பெட்ரோலில் ஊறிய என் காலை அவர் பார்க்கக்கூட இல்லை.

"எப்ப போட்டீங்க சுவிட்ச?" என்று என் கணவரைக் கேட்டேன்.

"கெளம்பறப்பவே போட்டுட்டேன். சூடம் காட்டுறப்பவே நீ வாய வச்சிட்ட. காதுல தப்பா எதுவும் விழ வேணாம்னு அண்ணன் சொன்னாரு. ஏரிய ஒரு சுத்து சுத்துனதும் எடுத்துடலாம்னுதான் இருந்தேன்."

கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் வரவில்லை, குமட்டல்தான் வந்தது. பெட்ரோல் வாடையால் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பதினேழு வருடமாக அதைவிட மோசமான வாடையில் நின்று வேலை பார்க்கிறேன்.

"இன்னும் பத்து நிமிசம் இருக்கு. கிளாம்ப முறுக்கிட்டு மறுபடி எடுத்துடலாம்" என்றார் மாமா, வாட்சைப் பார்த்துக்கொண்டே.

நான் இறங்கி, டூல்ஸ் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்து, பேனலுக்கு முன்னால் குனிந்து இன்டர்காம் பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தேன். நாலு ஸ்க்ரூ. நானே போட்டவை.

"சரி விடு மதி" என்றார் அவர், பெரிய மனசு பண்ணி. "ரேடியோவுலயே சேந்து வர்றத வாங்கிடறேன். அதுல இந்த சுவிட்சே வராம பாத்து வாங்குவோம்."

எனக்கு வரம் கொடுத்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. சுவிட்ச் இல்லாவிட்டால் நான் சொல்வது காதில் விழும். விழுந்துவிட்டால் இவர் கேட்டுவிடுவாரா என்ன?

"சேந்து வர்றதும் வேணாம், தனியா வர்றதும் வேணாம். ஒத்த ஆளு ஓட்டுற வண்டிக்கு இன்டர்காம் எதுக்கு? நாளைக்கு ஒங்க ஹெட்செட்ட நேரா ரேடியோவுல கோத்துத் தரேன். டெஸ்ட் பண்ணியே தரேன்."

"ஒத்த ஆளா?"

"நோட்டுல எழுதிக்கங்க. டப்பா இருநூறு கிராம் மிச்சம். நான் அறுபத்திரெண்டு கிலோ மிச்சம்."

பெட்டியையும் என் ஹெட்செட்டையும் பையில் போட்டுக்கொண்டு கரையேறினேன். நாளைக்குக் காலை ஷிஃப்டுக்குப் போனால் அந்தப் புகைபோக்கியை அண்ணாந்துதான் பார்க்கப்போகிறேன். அதை நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது. அவர்கள் பார்க்காதபடி வேகமாக நடந்தேன்.

மாமா கிளாம்ப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். என் கணவர் மட்டும் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தார்.

"மதி" என்று கூப்பிட்டார். கிளம்புகிறவளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. நின்றேன்.

"மறுபடி ஒழுகுனா யாரு சொல்லுவா?" என்றார்.

"சொல்லிட்டுதான் இருந்தேன்" என்றேன்.