வாசலைவிட ஒரு அங்குலம் பெரிய வண்டி

மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமையாசிரியர் வீட்டையும் அதை ஒட்டிய இரண்டரை ஏக்கர் மைதானத்தையும் சேர்த்து வாங்கியவர் ஒரு பஸ் டிரைவர். சரியாகச் சொன்னால் வாங்கியவர் அவர் மனைவி. டிரைவர் கையெழுத்துப் போட்டார். வார இறுதிகளில் கால்பந்து பயிற்சிக்கு மைதானத்தை வாடகைக்கு விடுவது மனைவியின் திட்டம். அதற்குப் புல் கணுக்காலைத் தாண்டக் கூடாது. கையால் தள்ளும் மெஷினை வைத்துக்கொண்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள், ஆரம்பித்த மூலையில் புல் மறுபடி வளர்ந்து நின்றது. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று.

டிரைவருக்கு அதில் புல்லைத் தாண்டிய அக்கறை இருந்தது. ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது கண் அழுத்த நோயில் அவருடைய இடது பக்கப் பார்வை பாதி போய்விட்டது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. முப்பத்தொரு வருஷம் பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டியவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. "பதினேழு" என்றால் தெரியும். இப்போது கடைக்குப் போவதென்றாலும் யாராவது கூட்டிப்போக வேண்டும். அவர் ஓட்டுவதற்கென்று உலகத்தில் மிச்சம் இருந்தது, சொந்த வேலிக்குள் ஓடும் இந்த வண்டி ஒன்றுதான்.

குறுக்கே நின்றவள் மகள். லிஃப்ட் பரிசோதகர். ஊஞ்சலில் உட்காருவதற்கு முன்னால்கூடச் சங்கிலியின் தாங்குதிறனைக் கேட்பவள். மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு குளம் இருக்கிறது, கரை சரிவானது என்பதை அவள் மறக்கவில்லை. தானே ஓடும் ரோபோ புல்வெட்டிதான் வேண்டும் என்றாள்.

கடைக்கு நால்வர் போனார்கள். நான்காவது ஆள் மனைவியின் தம்பி. தையல்காரர். வீட்டில் எதை அளக்க வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், டேப் எப்போதும் கழுத்திலேயே கிடப்பதால். துணி அளக்கும் நேரத்தைவிடக் கதை அளக்கும் நேரம் அதிகம் என்பது அக்காவின் கணக்கு.

ரோபோ கண்ணாடி மேடை ஒன்றின் மேல் வைக்கப்பட்டிருந்தது.

"ஆமை மாதிரி இருக்கு," என்றார் டிரைவர். "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்மா."

"ஆமை ஆஸ்பத்திரிக்குப் போகாதுப்பா," என்றாள் மகள்.

விற்பனையாளர் பளபளக்கும் ஷூவோடு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். அதற்கு ஸ்டியரிங் இல்லை. இரண்டு கைப்பிடிகள் மட்டும். நின்ற இடத்திலேயே சுற்றும் என்றார்.

"நின்ன இடத்துலயே சுத்தறதுக்கு வீட்டுல நான் ஒருத்தன் இருக்கேன். வேற காட்டுங்க."

மிச்சம் இரண்டு. ஒரே கம்பெனி, ஒரே சிவப்பு, சின்னது ஒன்று, பெரியது ஒன்று. இரண்டிலும் ஸ்டியரிங் இருந்தது. டிரைவர் பெரியதைச் சுற்றி வந்தார். டயரைக் காலால் தட்டினார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு எதையோ தேடினார்.

"ஹாரன் எங்கப்பா?"

"புல்லுக்கு எதுக்கு சார் ஹாரன்?"

"புல்லுக்கு இல்ல. இவ நடுவுல வந்து நின்னு பேசுவா."

"நான் பேசலேன்னா நீங்க இன்னும் டிப்போவுலயே தூங்கிட்டு இருப்பீங்க," என்றார் மனைவி. அதற்குள் அவர் சின்ன வண்டியின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். "இது போதுங்க. அடக்கமா இருக்கு."

"அடக்கமா இருக்கிறது உனக்குப் பிடிக்குதா? ஆச்சரியமா இருக்கே."

விற்பனையாளர் பார்வையை ஷூவுக்கு இறக்கிக்கொண்டார். பிறகு, வண்டி எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று கேட்டார். நல்ல கேள்வி. வீட்டு முற்றத்துக்கும் மைதானத்துக்கும் நடுவே மதில் சுவர். அதில் ஒற்றை இரும்புக் கதவு. தையல்காரர் சட்டைப் பையிலிருந்து, கதவை அளந்து எழுதி வைத்திருந்த சீட்டை எடுத்தார். சீட்டில் நாற்பத்தெட்டு அங்குலம் என்றிருந்தது. சின்ன வண்டியின் அகலம் நாற்பத்துமூன்று. பெரியது நாற்பத்தேழு.

"ஒரு அங்குலம் மிச்சம்," என்றார் டிரைவர். "பதினேழாம் நம்பரை மார்க்கெட் சந்துக்குள்ள ஓட்டினவனுக்கு ஒரு அங்குலம்னா ஹைவே."

கடையின் பின்முற்றத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். முகத்தில் எந்தச் சிரிப்பும் இல்லாமல் இரண்டு சுற்று வந்தார். நிறுத்தச் சொன்ன கோட்டின் மேல் முன்சக்கரம் நின்றது. மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார். மகள் அசையவில்லை.

"கடை முற்றத்துல குளம் இல்லப்பா. நீங்க ஓட்டுறதைப் பத்தி எனக்குச் சந்தேகம் இல்ல. நீங்க சொல்றதுலதான் சந்தேகம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைசி வருஷத்தில் ஒரே மாதத்தில் மூன்று முறை பஸ்ஸின் இடது கண்ணாடி உடைந்தது. முதல் முறை ஆடு குறுக்கே வந்தது, இரண்டாம் முறை கம்பம் சாய்ந்திருந்தது, மூன்றாம் முறை காற்று என்று டிப்போவில் எழுதிக் கொடுத்தார். கண் தெரியவில்லை என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

ஒரு வாரத்துக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றது கடை. மகள் நிபந்தனை போட்டாள்: முதல் நாள் அவள் பார்ப்பாள். எதையாவது மறைக்கிறார் என்று தெரிந்தால் வண்டி திரும்பப் போகும், ஆமை வரும். டிரைவர் தலையாட்டினார். பெரிய வண்டி, என்றார்.

சனிக்கிழமை காலை கடை ஆட்கள் வண்டியை வீட்டு முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். டிரைவர் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார். ஏறி உட்கார்ந்து, மெதுவாக இரும்புக் கதவை நோக்கி ஓட்டினார். கதவுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினார். இறங்கினார். தலையை முழுசாகத் திருப்பி இரண்டு தூணையும் பார்த்தார்.

"மாப்ளே, இது போகாது."

"ஏன் போகாது அத்தான்? நான்தானே அளந்தேன்."

"அதனாலதான் போகாது போல."

தையல்காரர் டேப்பை உருவி அளந்தார். நாற்பத்தாறு. இன்னொரு முறை அளந்தார். கதவு வளரவில்லை. அப்போது அவருக்கு ஏதோ விளங்கியது.

"அக்கா, நான் அளந்தது நாற்பத்தாறுதான். எழுதும்போது ரெண்டு சேர்த்து எழுதிட்டேன்."

"எதுக்குடா சேர்த்தே?"

"தையலுக்கு விடற ரெண்டு அங்குலம். கை தானா எழுதிடுச்சு. இருபத்தெட்டு வருஷப் பழக்கம்."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அன்று காலை அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"சுவருக்குத் தையல் பிரிச்சு விட முடியுமான்னு கேளுங்க மாமாவை," என்றாள்.

"வண்டி இனிமே மைதானத்துலயே நிக்கட்டும்," என்றார் மனைவி. "நீ அதுக்கு ஒரு உறை தைச்சுக் குடு. அதுக்கு நாலு அங்குலம் விட்டாலும் கேக்க மாட்டேன்."

வண்டியை மைதானத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பது பாக்கி இருந்தது. மைதானத்துக்குப் பழைய பள்ளிப் பேருந்துகள் போய்வந்த பெரிய வாசல் உண்டு. ஆனால் அது அடுத்த தெருவைப் பார்த்தது. வீட்டு வாசலில் இறங்கி, முனை திரும்பி, இருநூறு அடி தெருவில் போக வேண்டும். காலை ஏழரை மணி. தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது, அவ்வளவுதான்.

"அத்தான், ஏறுங்க," என்றார் தையல்காரர், செய்த தப்பைச் சீக்கிரம் சரிக்கட்டும் அவசரத்தில். "ரெண்டு நிமிஷம். யார் பாக்கப் போறா?"

மகள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அப்பாவைப் பார்த்தாள்.

டிரைவரின் கை ஸ்டியரிங் மேல்தான் இருந்தது. எட்டு மாதமாகக் காத்திருந்த கை. அவர் தெருவைப் பார்த்தார், முனையைப் பார்த்தார்.

"முனையில இடது பக்கம் திரும்பணும்," என்றார். "அந்தப் பக்கத்துல சைக்கிள் வந்தா எனக்குத் தெரியாது." சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார். "நீ ஓட்டு."

மகள் ஓட்டினாள். லிஃப்டைப் போல ஓட்டினாள் என்று சொல்ல வேண்டும்: நின்று, யோசித்து, குலுங்கிக் கிளம்பி, மறுபடி நின்று. டிரைவர் கூடவே நடந்தார். நாயை எழுப்பி ஓரமாகப் போகச் சொன்னார். பின்னால் வந்த மனைவி, "உங்க பொண்ணு நிச்சயமா உங்க பொண்ணு இல்ல," என்றார்.

"கிளட்ச் இல்லாத வண்டியிலயே கிளட்ச் தேடறா," என்றார் அவர்.

மைதானத்துக்குள் வந்ததும் மகள் இறங்கினாள். சாவியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"இங்கிருந்து பார்த்தா குளம் எவ்வளவு தெரியுதுப்பா?"

"நேரா பார்த்தா முழுசும். அது இடது பக்கம் வந்தா ஒண்ணும் தெரியல." கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். "அதனால குளத்தை எப்பவும் வலது பக்கம் வச்சுப் போறேன். ஓரத்துல ஒரே திசைதான். திரும்பி வர்றது நடுவுல. கோல் கம்பமும் அப்படித்தான். நேத்து நடந்து பார்த்தேன்."

மகள் கையேட்டை இரண்டு முறை படித்திருந்தாள். அதில் இது இல்லை.

"கரையிலிருந்து பத்தடி விட்டுடுங்க. அதை நான் தள்ளு மெஷின்ல வெட்டறேன்."

"பன்னெண்டு விடறேன்."

சாவி கைமாறியது. அவர் ஏறி உட்கார்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கிளம்பினார். வெட்டிய புல்லின் ஈர வாசனை எழுந்தது. கம்பத்தை நெருங்கும்போது தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தார். குளக்கரையில் சொன்னபடி பன்னிரண்டு அடி தள்ளியே போனார், பதினைந்துகூட இருக்கும்.

நாலாவது சுற்றில் மகள் அம்மாவிடம் கேட்டாள்: "எப்பம்மா நிறுத்துவாரு?"

"ஒண்ணு பெட்ரோல் தீரணும், இல்ல புல் தீரணும்," என்றார் அவர். "நீ போய்ச் சாப்பிடு."

மகள் போகவில்லை. மதில் நிழலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.