லாரிக்கு வெந்நீர்

சுங்கைப் பட்டாணி ஊருக்குள் வண்டி நுழையும்போதே பாப்பம்மா செவலையின் பின்னங்காலை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். நொண்டல் போய்விட்டிருந்தது. விடியலில் கிளம்பும்போது அந்த மாடு நொண்டும். நாலு மைல் நடந்து உடம்பு சூடேறிவிட்டால் மாப்பிள்ளை மாதிரி நடை போடும். இந்த ரகசியம் அவளுக்கும் மாட்டுக்கும் மட்டுமே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் சின்னையாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால், மாட்டை வாங்கப்போகிறவரிடம் அவனே போய் மன்னிப்புக் கேட்டுவிடுவான்.

சயாமில் ரயில்பாதை போட என்று ஜப்பான்காரன் அவள் புருஷனை ஏற்றிக்கொண்டு போன பிறகு, கடலோரத் தஞ்சோங் டாவாயில் கருவாடு ஏற்றித் தோட்டம் தோட்டமாய் மரவள்ளிக்கு மாற்றுவதுதான் அவள் பிழைப்பு. பொம்பளை வண்டி ஓட்டுகிறாளே என்று வாயைப் பிளந்தவர்கள் எல்லாரும் அவள் கருவாட்டைத் தின்றுதான் அந்த வாயை மூடினார்கள். இப்போது அவளுக்கு லாரி வேண்டும். இந்த ஊர்ப் பக்கிரிசாமியிடம் பழைய டீசல் லாரி ஒன்று இருந்தது. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை அவர் தொட மாட்டார். ஜோடி மாட்டையும் வண்டியையும் கொடுத்துவிட்டு லாரியை எடுத்துக்கொள் என்றிருந்தார். லாரி மோசமாயிருந்தால் மாடும் இல்லை, வண்டியும் இல்லை, கஞ்சியும் இல்லை.

"சின்னையா, எஸ்டேட்டு எஞ்சினுக்கு எண்ணெ போட்டவன் நீ. கெட்டுப்போயிருந்தா கெட்டதுன்னு வாயைத் தொறந்து சொல்லணும்."

"சொல்றேன் அண்ணி. ஆனா மனுசன் மூஞ்சிக்கு நேரா எப்படி..."

"எஞ்சின் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

வெள்ளிக்கிழமை ராகு காலம் கழித்துப் பன்னிரண்டுக்கு வரச் சொல்லியிருந்தார் பக்கிரிசாமி. கடைத்தெருக் கடிகாரம் சரியாகப் பன்னிரண்டு காட்டியபோது வண்டி அவர் வாசலில் நின்றது. அவர் கைலியை மடித்துக் கட்டி, லாரிக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு பெரிய அண்டாவுக்குக் கீழே நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, இப்பவே வந்துட்டியா?"

"பன்னெண்டுன்னு சொன்னீங்களே அண்ணே."

"அது தோக்கியோ பன்னெண்டு லா! நான் சொன்னது பழைய பன்னெண்டு. பொழுதைப் பாரு, இப்பத்தான் பத்தரை. ராகு காலம் இப்பத்தான் பொறக்குது!"

ஜப்பான்காரன் வந்ததும் வராததுமாய்க் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி, தோக்கியோ நேரம்தான் நேரம் என்று சொல்லிவிட்டான். சனங்கள் அவனுக்கு ஒரு மணி, சாமிக்கு ஒரு மணி என்று காலம் தள்ளினார்கள். பாப்பம்மா அதை நிஜமாகவே மறந்து போயிருந்தாள். ஒத்துக்கொள்ளத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அண்டா கண்ணில் பட்டது. ரேடியேட்டரின் மூடி திறந்து கிடந்ததும் கண்ணில் பட்டது.

"வெந்நீர் யாருக்குண்ணே?"

"குளிக்க."

"யாரு, லாரியா? தலைக்கு ஊத்திக்குமா?"

சின்னையா எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தான். "சில்லுனு இருக்கு அண்ணி. இப்படி இருந்தாத்தான் உண்மை தெரியும். சூடாக்கி வச்சா எந்த எஞ்சினும் நல்ல புள்ளைதான்." சொல்லிவிட்டு, "நீங்க தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே" என்று பக்கிரிசாமியையும் பார்த்துச் சிரித்து வைத்தான்.

"ராகு காலத்துல அதைத் தொடக்கூடாதும்மா. ஒன்றரை மணி நேரம் உக்காரு. மரவள்ளிக் கெழங்கு அவிக்கச் சொல்றேன்."

"உக்காரலாம். ஆனா தோக்கியோ நேரம் செல்லாதுன்னு பக்கிரிசாமி அண்ணன் சொல்றாருன்னு நாலு பேரு காதுல விழுந்தா..." பாப்பம்மா தெருவுக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"யம்மா, வாயை மூடு! பாருங்க, பாருங்க, எதை வேணா பாருங்க!"

மாடுகளை அவிழ்த்து ரம்புத்தான் மர நிழலில் கட்டினாள். சின்னையா எஞ்சினுக்குள் இருந்த, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, விரலில் தேய்த்து, முகர்ந்தான்.

"நல்ல எண்ணெ. ரொம்பக் கெட்டியான... நல்ல எண்ணெ."

"சின்னையா!"

"வெளக்கெண்ணெ கலந்திருக்கு அண்ணி. உள்ள தேஞ்ச சத்தம் வெளியே வராம இருக்க."

பக்கிரிசாமி வானத்தைப் பார்த்தார்.

ஹேண்டிலைப் போட்டுச் சின்னையா சுற்றினான். பிறகு பக்கிரிசாமி சுற்றினார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுற்றினார்கள். எஞ்சின் கொட்டாவி விட்டதே தவிர எழுந்திருக்கவில்லை. எல்லாருக்கும் வியர்த்து ஒழுகிய பிறகு, கிழவன் இருமுவது போல் இருமி, வண்டியையே உலுக்கிக்கொண்டு கிளம்பியது. டீசல் கிடைக்காத காலம். தேங்காய் எண்ணெயில்தான் ஓடியது. நீலப் புகையோடு அப்பளம் பொரிக்கிற வாசனை தெருவெல்லாம் பரவ, "யாரு வீட்டுல விருந்து?" என்று பின்வீட்டிலிருந்து ஒரு குரல் ஏக்கத்தோடு கேட்டது.

சின்னையா எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தான். உள்ளேயிருந்து புகை குப்குப்பென்று அவன் கையில் மோதியது. ஒரு குச்சியை எஞ்சினில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்துக் கேட்டான். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். பிறகு, சொன்னபடியே, எஞ்சினைப் பார்த்துச் சொன்னான்:

"பிஸ்டன் ரிங் தேஞ்சிருச்சு. அதான் நீலப் பொகை. மத்தபடி அடிப்பாகம் எல்லாம் கெட்டி. ரிங்கை மாத்துனா மலையே ஏறும்."

"ரிங் குடுங்கண்ணே, பேச்சை முடிச்சுக்கலாம்."

"சண்டைக் காலத்துல ரிங்குக்கு நான் எங்க போவேன்?"

"அப்ப நாங்க வர்றோம்."

முறைப்பாக நடந்துபோய்ச் செவலையை அவிழ்த்து இழுத்தாள். அது ஒரு அடி வைத்தது. நொண்டியது. இவர்கள் எஞ்சினோடு மல்லுக்கட்டிய நேரமெல்லாம் நிழலில் நின்று நன்றாக ஆறிப்போயிருந்தது. இரண்டாவது அடிக்கு இன்னும் அழகாக நொண்டியது.

பாப்பம்மா கயிற்றைப் பிடித்தபடி மரம்போல் நின்றாள். இனி இந்த ஊரில் யார் இந்த மாட்டை வாங்குவான்? முதுகுக்குப் பின்னால் பக்கிரிசாமி தொண்டையைச் செருமுவது கேட்டது.

"தங்கச்சி, மாட்டுக்கு வெந்நீர் வைக்கலியா?"

அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து சிரித்தாள். பக்கிரிசாமிக்கும் கைலி அவிழாத குறைதான்.

"சரி, என் எஞ்சினுக்கு இருமலு. ஒன் மாட்டுக்கு முடக்குவாதம்."

"காலையில வெந்நீர் ஒத்தடம் குடுத்தா சரியாயிரும்ணே. நாலு மைலுக்கு அப்புறம் அதைப் புடிக்க ஆளு வேணும். சத்தியம்."

அவர் செவலையின் பின்னங்காலைத் தடவிப் பார்த்தார். பிறகு கோழிக் கூண்டைத் தள்ளி, அதற்கடியில் மண்ணைக் கிளறி, கிரீஸில் ஊறிய துணி மூட்டை ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே புது ரிங்குகள், ஜப்பான்காரன் கண்ணில் படாமல் புதைத்து வைத்தவை, பளபளவென்று இருந்தன.

பொழுது உச்சிக்கு ஏறி ராகு காலம் கழிந்ததும் லாரிக்கு முன்னால் சூடம் ஏற்றினார்கள். அண்டாத் தண்ணீர் வீணாகவில்லை. பாப்பம்மா அதில் துணியை நனைத்துச் செவலையின் காலுக்கு ஒத்தடம் கொடுத்து, எப்படிக் கொடுப்பது என்று புது எசமானருக்குக் காட்டினாள். அது அவள் தோளை ஒரு முறை நக்கியது.

"அண்ணி," என்றான் சின்னையா மெதுவாக, "செவலை கால் விசயம் ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீ எஞ்சினைப் பாரு."